இரண்டு கையும் தூக்கிய கதை

இன்று கல்முனையில் எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு வகுப்பு. விறகுப் புகையால் பூமி சூடாகிறதாம். பாண் சுடும் போறணை அடுப்புகளைத் திருத்திக் கட்ட வேண்டுமாம்.

நல்ல விசயம்தான். ஆனால் என் பேக்கரியில் பாணுக்குக் குழைத்த மா புளித்துக்கொண்டிருந்தது. நானோ முன்வரிசையில். எழும்ப வெட்கம்.

பக்கத்தில் தேத்தண்ணிக்கடை றஹீம் மச்சான் கிசுகிசுத்தார்: “துஆக்குக் கையேந்துங்க மச்சான். எல்லாரும் ஏந்துவாங்க, கூட்டம் முடிஞ்சிரும்.”

பிரார்த்தனைக்கு ஏந்துவதுபோல் இரண்டு கையையும் ஏந்தினேன்.

“முதலில் யார் திருத்துவீர்கள்?” என்று அந்நேரம் கேட்டிருக்கிறார் வகுப்பெடுத்த கொழும்பு அதிகாரி. “பாருங்கள், இவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்!”

முதலில் கைதட்டியவர் மச்சான்தான்.

நாளைக்கே போறணையை உடைக்க வருகிறார்கள். மாவும் புளித்துவிட்டது.

அடுத்த கூட்டத்துக்குக் கையை வீட்டில் வைத்துவிட்டுப் போக வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள்.