அடுப்பூதிவிட்டுப் போன சடுகுடு

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஓர் ஆனி மாதம், சிற்றாற்று மணலில் எங்கள் தென்காசி அணிக்கும் செங்கோட்டைக்காரர்களுக்கும் சடுகுடு ஆட்டம்.

நான் நல்ல ஆட்டக்காரன்தான். ஆனால் ஒரு வியாதி. முதல் தடவை பாடிப் போகும்போது மட்டும் பாதியிலேயே மூச்சு அறுந்து பிடிபட்டுவிடுவேன். எங்கள் அணித் தலைவர் வேறு யாருமில்லை, என் மனைவியின் அண்ணன். "மாப்ளே, தங்கச்சி முகத்துக்காகத்தான் உம்ம வச்சிருக்கேன். இன்னைக்கும் மொதப் பாட்டுல மூச்ச விட்டீரு, இனிமே கூப்பிட மாட்டேன் பாத்துக்கிடும்" என்று காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

ஆட்ட நாளில் மூச்சைச் செலவழிக்கக் கூடாது என்பது எங்கள் எல்லோருக்கும் வேதவாக்கு. பேச்சைக்கூடக் குறைத்துக்கொண்டு பாயில் கிடந்தேன்.

மத்தியானம் பார்த்துச் சாரல் பிடித்துக்கொண்டது. விறகெல்லாம் ஈரம். மண்ணெண்ணெயைக் கண்ணால் பார்த்தே நாளாகியிருந்தது. என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள், புகை பட்டாலே குமட்டல். "பசி கண்ண அடைக்கு. செத்த ஊதுங்களேன்" என்றாள். மூச்சைக் காரணம் காட்டினேன்.

"அப்போ அந்த மூச்சையே வடிச்சுத் தாங்க, திங்கேன்."

எழுந்துபோய் ஊதுகுழலை எடுத்தேன். ஊதுகிறேன், ஊதுகிறேன், புகைதான் வருகிறது. விலாவெல்லாம் வலித்தது. ஒருவழியாக உலை கொதித்ததும் ஆற்றுக்கு ஓடினேன். இருந்த மூச்சும் அடுப்போடு போயிற்று, இன்றோடு நம் ஆட்டம் முடிந்தது என்று அழுகையே வந்துவிட்டது.

மச்சான் என் மூஞ்சிக் கரியைப் பார்த்து முறைத்துவிட்டு முதலில் என்னையே அனுப்பினார். பாடிக்கொண்டே கோட்டைத் தாண்டினேன். வழக்கமாக மூச்சு அறும் நேரம் வந்தது, போயும் விட்டது. பாட்டு நிற்கவில்லை! நாலு பேர் காலைப் பிடித்து அமுக்கினார்கள். அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, பாடியபடியே வந்து கோட்டைத் தொட்டேன். அந்தச் சந்தோஷத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. நாலு பேரும் வெளியே!

"என்னத்தவே தின்னுட்டு வந்தீரு?" என்று மச்சான் என்னைத் தூக்கியே விட்டார்.

"திங்கல மச்சான், அடுப்பு ஊதுனேன்."

ஜெயித்தோம். அடுத்த ஆட்டத்துக்கு அவர் தன் வீட்டு ஊதுகுழலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். களமிறங்கும் முன் ஆளுக்காள் வாங்கி ஊதினோம். எதிரணியினர் ஏதோ மந்திரம் என்று தள்ளியே நின்றார்கள்.

மூச்சு, பூட்டி வைத்தால் வளரும் பண்டமில்லை என்று அன்றைக்குப் புரிந்தது. இன்றும் பெரிய காரியம் எதற்காவது கிளம்பும்போது, பாயில் படுத்துத் தெம்பு சேர்ப்பதில்லை. அடுக்களைக்குள் போய் அவள் சொல்லும் வேலை ஒன்றைச் செய்துவிட்டுத்தான் வாசல்படி இறங்குகிறேன்.