ஸ்லோவில் நிற்காத வண்டி

என் அண்ணனுக்கு வாயைவிடக் கை முந்தும். எங்கள் தெருவில் அவனிடம் அடி வாங்காத ஆண்கள் குறைவு. அவனை அடிக்காதவர்களும் குறைவுதான். அப்பா போன பிறகு வீட்டில் அம்மா, அவன், நான். விருத்தாசலத்துத் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் எனக்கு வேலை. வீட்டுக் கரண்டுப் பெட்டியில் வெள்ளையாக ஒரு ப்யூஸ் கட்டை இருக்குமே, அது சூளையிலிருந்து வந்ததும் விரிசல் பார்த்துப் பிரித்து அடுக்குவேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருஷங்களில் அண்ணன் ஒரு பழைய பெட்ரோல் வேன் வைத்திருந்தான். எங்கள் கம்பெனிச் சரக்கை வெளியூர்க் கடைகளுக்கு ஏற்றிப் போவான்.

வண்டி ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. நிற்கும்போதுதான் தொல்லை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கை மிதித்தால், இன்ஜின் ஒரு உதறு உதறி அணைந்துவிடும். ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் மெல்ல ஓடிக்கொண்டிருப்பதற்கு ஸ்லோ என்று பெயர். மெக்கானிக்குகள் இதை ‘ஸ்லோவுல நிக்கல’ என்பார்கள். ரயில்வே கேட்டில் அணையும், பஸ் ஸ்டாண்டு முனையில் அணையும். பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அண்ணன் இறங்கிப்போய் ஹாரன் அடித்தவனின் சட்டையைப் பிடிப்பான். ஒரு நாள் கேட்டில் ஒரு காரின் பக்கக் கண்ணாடியை வெறுங்கையால் பிடுங்கித் தண்டவாளத்துப் பக்கம் எறிந்தான். கார்க்காரர்கள் இறங்கி அவன் காதில் அறைந்தார்கள். கேட் திறந்தும் சண்டை ஓயவில்லை. நான் முன்சீட்டில் உட்கார்ந்து, யாராவது வந்து வண்டியைத் தள்ளமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜங்ஷன் ரோட்டில் பட்டறை வைத்திருந்த ஒரு மேஸ்திரிதான் வண்டியைப் பார்த்துவந்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெட்ரோல் பாயும் ஜெட்டில் அடைப்பு எடுத்தார். பிளக்கு மாற்றினார். கடைசியில் ஸ்க்ரூவைத் திருகி ஸ்லோவை ஏற்றிவைத்தார். நின்ற இடத்தில் இன்ஜின் இரைந்தது, ஆனால் அணையவில்லை. ஒரு வாரம்கூடப் போகவில்லை, திரும்பவும் அணைந்தது.

“பிரேக்கும் கல்லு மாதிரி இருக்குது மேஸ்திரி” என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் சொல்வான்.

“இன்ஜின் நின்னுபோனா பிரேக்கு கட்டையாத்தான் இருக்கும். எல்லா வண்டிக்கும் அப்படித்தான். மொதல்ல இன்ஜின் நிக்காம பாப்போம்” என்பார் அவர்.

அதன் பிறகும் வண்டி கேட்டில் அணைந்தபோது, அண்ணன் அதைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போனான். “நீ வேணும்னே கெடுத்து வுடுற, நான் திரும்பத் திரும்ப வரணும்னு” என்று சொல்லிக்கொண்டே, கீழே கிடந்த பிளக்கு ஸ்பேனரை எடுத்து மேஸ்திரியின் வாயில் அடித்தான். கீழுதடு கிழிந்து தொங்கியது. அவர் திருப்பி அடிக்கவில்லை. ரத்தத்தை மண்ணில் துப்பிவிட்டு, “எடுத்துட்டுப் போ. இனிமே இந்த வண்டி இங்க வரக் கூடாது” என்றார். இந்தச் செய்தி சாப்பாட்டு நேரத்துக்குள் எங்கள் கம்பெனிக்கு வந்துவிட்டது. அன்று மாலை அண்ணனிடம் நான் பேசவில்லை. அவன் சோற்றுத் தட்டைச் சுவரில் வீசினான்.

அப்புறம் ஒரு மத்தியானம். ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கடைக்காரர், வந்த சரக்கில் பாதி விரிசல் என்று தகராறு செய்தார். பார்த்துவிட்டு வரச் சொல்லி முதலாளி என்னை வேனில் அனுப்பினார். பின்னால் புதுச் சரக்கு நிறைய இருந்தது. வெயில் தாரில் பளபளத்தது. ஒரு வளைவு திரும்பியதும், தூரத்தில் ஒருவர் சைக்கிளில் பச்சைப் புல்லுக்கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு ரோட்டைச் சாய்வாகக் கடப்பதைப் பார்த்தோம். முதுகை எங்கள் பக்கம் காட்டி, நிதானமாகப் போய்க்கொண்டிருந்தார்.

அண்ணன் காலை எடுத்துப் பிரேக்கில் வைத்தான். இன்ஜின் உதறியது, அணைந்தது. அந்த நிமிஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது. சக்கரம் உருளும் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. அண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சீட்டிலிருந்து எழுந்தே நின்றான். அவன் தொடை நடுங்கியது. “பிரேக்கு எறங்கலடி, எறங்கல” என்றான். ஹாரன் இருப்பதே அவனுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. அவர் திரும்பவே இல்லை.

புல் கட்டு கண்ணாடியில் மோதி எங்கள் பார்வையை மறைத்தது. வண்டி ஒரு புளியமரத்தில் இடித்து நின்றது. பின்கதவு பிய்த்துக்கொண்டு திறந்து, பெட்டிகள் உடைந்து, ப்யூஸ் கட்டைகள் ரோடு முழுக்கச் சிதறின. நான் இறங்கியபோது அவர் பள்ளத்தில் கிடந்தார். ஒரு கால் இருக்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது, வாய் தண்ணீர் கேட்டது.

கொல்லையிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்தவன் அவருடைய மகன். மண்வெட்டியோடு வந்தான். அண்ணனைக் கதவு வழியாக இழுத்து ரோட்டில் போட்டார்கள். மண்வெட்டிக் காம்பால் மகன் அடித்த முதல் அடியில் அண்ணனின் வலது கை முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அண்ணன் இடது கையால் ஒருவனின் தொண்டையைப் பிடித்தான், இன்னொருவனின் விரலைக் கடித்தான். பிறகு அவனால் எதுவும் முடியவில்லை. கையில் கிடைத்ததை எடுத்து அடித்தார்கள். கிடைத்ததெல்லாம் எங்கள் சரக்குதான். நான் விரிசல் இல்லை என்று பார்த்துப் பார்த்து அடுக்கிய கட்டைகள் அவன் முகத்தில் உடைந்தன. அவன்மேல் விழுந்து படுத்தேன். ஒரு பெண் என் முடியைப் பிடித்து இழுத்தாள். எங்கிருந்தோ வந்த கட்டை ஒன்று என் நெற்றியைப் பிளந்தது. அதன் பிறகு ரத்தம் வழியாகத்தான் பார்த்தேன்.

“குடிச்சிட்டு ஓட்டுறான். வுடாதீங்க.”

“பிரேக்கு போட்டன்டா” என்று அண்ணன் சொன்னான். பல் போன வாயில் அது வேறு என்னவோபோல் கேட்டது.

ஒருவர் ரோட்டைக் காட்டினார். “பிரேக்கு போட்டிருந்தா டயரு தேச்ச தடம் எங்கடா?”

தடம் இல்லை. அதைப் பார்த்த பிறகு இன்னும் அடித்தார்கள். ஒரு பஸ் வந்து நின்று, டிரைவரும் கண்டக்டரும் இறங்கித் தடுத்திராவிட்டால் அங்கேயே செத்திருப்பான்.

அடிபட்டவரைப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். இடுப்பும் தொடையும் உடைந்திருந்தன. அண்ணன் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், பக்கத்தில் ஒரு போலீஸ்காரரோடு கிடந்தான். போலீஸ்காரர்கள் எங்கள் வேனைத் தள்ளிவிட்டுப் பிரேக்கை மிதித்துப் பார்த்தார்களாம். நின்றதாம். அதனால் அவன் சொன்னதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அம்மாகூட, “பொய் சொல்லாம ஒத்துக்கடா” என்று அழுதாள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவன் எழுந்து நின்று மிதித்ததைப் பார்த்தவள். மிதித்தது உண்மையென்றால் வண்டி ஏன் நிற்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது.

வண்டியை வீட்டுக்கு இழுத்துவந்த பிறகு மேஸ்திரியிடம் போனேன். உதட்டில் தையல் காய்ந்து கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் கையிலிருந்த சுத்தியலைத் தகரக் கதவில் வீசினார். பட்டறையே அதிர்ந்தது.

“உங்கண்ணன் பொணமானாலும் நான் வரமாட்டேன்.”

“அவனுக்காகக் கேக்கலிங்க. அந்தாளு இடுப்பு ஒடைஞ்சு கெடக்குறாரு. எதனாலன்னு ஒருத்தருக்கும் தெரியாம போவக் கூடாது.”

அவர் என் நெற்றிக் கட்டைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். மறுநாள் காலையில் பையோடு எங்கள் வாசலில் நின்றார்.

நசுங்கிய கதவை உதைத்தே திறந்தார். அந்த வேனில் முன்சீட்டைத் தூக்கினால் அடியில் இன்ஜின். ரேடியேட்டர் ஒழுகியதால் கொஞ்ச நேரம்தான் ஓட்ட முடியும் என்றார். ஸ்டார்ட் செய்தார். ஆக்சிலேட்டர் கம்பியிலிருந்து கையை எடுத்ததும் இன்ஜின் நடுங்கியது, ஆனால் அணையவில்லை.

“பிரேக்க மிதிம்மா.”

மிதித்தேன். காலடியில் எங்கோ புஸ்ஸென்று ஒரு சீறல். இன்ஜின் அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். “மிதி.” அணைந்தது. அவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

“இவ்வளவு நாளு நான் இன்ஜின் பக்கத்துல நின்னுட்டே ஸ்லோ பாத்தேன். பிரேக்க ஒருத்தர மிதிக்க வச்சுப் பாக்கவே இல்ல” என்றார்.

இன்ஜினிலிருந்து ஒரு தடித்த ரப்பர் குழாய் பிரேக்குப் பக்கம் போனது. இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அந்த உறிஞ்சல்தான் குழாய் வழியாகப் பிரேக்குக்குப் பலம் கொடுக்கிறது என்று சொன்னார். குழாயைக் குறடால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். உதறல் நின்றது. இன்ஜின் ஒரே சீராக, தானாக ஓடியது. மிதித்துப் பார்த்தேன், அணையவில்லை. ஆனால் பிரேக் சுவரை மிதிப்பதுபோல் இருந்தது.

குழாயின் மறுமுனையில் ஒரு தகர உருண்டை இருந்தது. பூஸ்டர் என்றார். அதைக் கழற்றி வாசல் கல்லில் வைத்து, உளியால் விளிம்பைச் சுற்றி வெட்டினார். ஒவ்வொரு அடிக்கும் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உள்ளே ஒரு கறுப்பு ரப்பர்த் தட்டு, உள்ளங்கை நீளத்துக்குக் கிழிந்திருந்தது. பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அந்தக் கிழிசல் வழியாக வெளிக்காற்று இன்ஜினுக்குள் ஏறியிருக்கிறது. வேகத்தில் ஓடும்போது இன்ஜின் அதைத் தாங்கிக்கொண்டது. ஸ்லோவில் தாங்கவில்லை.

“இன்ஜின் நின்னதால பிரேக்கு கட்டையாவல” என்றார். “பிரேக்கு கெட்டதாலதான் இன்ஜினே நின்னுச்சு. தள்ளிவுட்டு மிதிச்சா மெதுவா போற வண்டி நிக்கும். அந்த வேகத்துல நிக்காது. அவன் எல்லாத் தரமும் சொன்னான் கல்லா இருக்குதுன்னு.” உளியை மண்ணில் குத்தினார், பிடுங்கித் திரும்பவும் குத்தினார்.

ரப்பரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனேன். அண்ணன் இடது கையில் வாங்கிக் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். மேஸ்திரியைத் திட்டுவான் என்று நினைத்தேன். “அந்தாளு வூட்டுக்கு வந்ததும் சொல்லு, போவணும்” என்றான்.

அவர் வீடு திரும்பிய பிறகு இருவரும் பஸ்ஸில் போனோம். அண்ணன் கையில் மாவுக்கட்டு இருந்தது. எங்களைப் பார்த்ததும் மகன் மாட்டுக் கொட்டகையிலிருந்து சவுக்குக் கழியை உருவிக்கொண்டு வந்தான். அண்ணன் விலகவில்லை. கழி தோளில் இறங்கியது. அண்ணன் மண்டியிட்டான். இடது கை மட்டும் தானாக முஷ்டி பிடித்தது, ஆனால் ஓங்கவில்லை.

“போதும்டா. எதுக்கு வந்தாங்கன்னு கேளு” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அவர் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அண்ணன் ரப்பரை நீட்டினான். நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் கழியோடு வாசலை அடைத்து நின்றான்.

பெரியவர் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நான் ரோட்டுல எறங்கறப்ப காது குடுத்துக் கேட்டேன்” என்றார். “தூரத்துல ஒரு வண்டி சத்தம் இருந்துச்சு. அப்புறம் இல்ல. சரி, எங்கயோ நின்னுட்டாங்கன்னு நெனச்சுத்தான் மெதுவாத் தள்ளிட்டுப் போனேன்.”

அண்ணன் அழுததை அன்றுதான் நான் முதலில் பார்த்தேன். அப்பா செத்தபோதுகூட அழாதவன். மகன் கழியைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே போய்விட்டான். பெரியவரின் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், உட்காரச் சொல்லவில்லை.

கோர்ட்டில் பெரியவர் தான் கேட்டதையும் கேட்காததையும் அப்படியே சொன்னார். மேஸ்திரியும் வந்து சொன்னார். அண்ணனுக்கு ஜெயில் இல்லாமல் முடிந்தது. பெரியவர் கடைசிவரை கோல் ஊன்றித்தான் நடந்தார்.

அடிதடி அண்ணனை விட்டுப் போகவில்லை. சில வருஷம் கழித்துத் திட்டக்குடி பஸ் ஸ்டாண்டில் ஒருவன் மண்டையை உடைத்து உள்ளே போனான். நானும் அம்மாவும் மனு போட்டுப் பார்க்கப் போனோம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, இடைவெளி விழுந்த பல்வரிசையோடு, வீட்டில் சினையாக விட்டுவந்த எருமை கன்று போட்டதா என்று கேட்டான். போட்டது என்றேன்.