தங்கச்சி புருஷனுக்காக நான் சொன்ன பதில்

என் தங்கச்சி புருஷன் இலங்கைத் தமிழன். சண்டையில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு இங்கே மலேசியாவுக்கு வந்து, பாடாங் மேஹா பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தவன். செமிலிங் கோயிலில் வைத்துத் தாலி கட்டினான். வீட்டில் எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும், எனக்குத்தான் பிடிக்காது. எதற்கெடுத்தாலும் ஆமாம் என்பதற்கு "ஓம், ஓம்" என்பான். எனக்கு எரிச்சலாக வரும்.

அவனிடம் ஒரு காகிதமும் கிடையாது. ஐ.நா. கொடுக்கும் அகதி அட்டை கிடைத்தால், போலீஸ் சாலையில் நிறுத்தும்போது காட்டலாம். கிடைக்காவிட்டால் பிடித்து டிப்போ என்கிற தடுப்பு முகாமில் அடைப்பார்கள், அப்புறம் விமானத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த அட்டைக்கான நேர்காணல் மெர்கோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்தது. என் காரில்தான் கூட்டிப்போனேன்.

அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. வேறு தேதி வாங்கினால் மாதக்கணக்கில் ஆகும் என்றார் அதிகாரி அம்மா. நான் விடுவேனா? தொழிற்சாலையில் பதினைந்து வருஷம் சூப்பர்வைசர். வெள்ளைக்கார மேனேஜரிடமே இங்கிலீஷில் சண்டை போட்டவன். "நான் சொல்றேன் மேடம்" என்று முன்னால் போய் உட்கார்ந்தேன். உள்ளது உள்ளபடி சொல்வேன் என்று ஒரு தாளில் கையெழுத்தும் போட்டேன்.

பெயர், ஊர், எந்த முகாம், யார் அடித்தார்கள் என்பது வரை ஒழுங்காகத்தான் சொன்னேன். அப்புறம் அந்த அம்மா, ஊரில் ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டார்.

அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஓம் மச்சான். மனுசி இருந்தவ. ஒரு பொம்பிளைப் பிள்ளையும். ரெண்டு பேரும் ஒரே நாளில ஷெல் விழுந்து செத்துப் போச்சினம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. செத்தவர்களை நினைத்து இல்லை. அட பாவி, என் தங்கச்சி ரெண்டாந்தாரமா? முப்பத்திரண்டு வயது வரை அவளுக்கு வரன் தேடி அலைந்தோம். மாப்பிள்ளைக்கு இதுதான் முதல் கல்யாணம் என்று எங்கள் அம்மா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். நாலு பேருக்குத் தெரிந்தால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? இது எந்தத் தாளிலும் ஏறக்கூடாது. என் புத்தி அவ்வளவுதான் ஓடியது.

"நோ மேடம். நாட் மேரிட்" என்றேன்.

அந்த அம்மா கோப்பைப் புரட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை கேளுங்கள் என்றார். நான் அவன் பக்கம் திரும்பி, "மாப்ள, இதுவரைக்கும் சொன்னதெல்லாம் சரிதானான்னு கேக்குறாங்க" என்றேன். அவன் தலையை ஆட்டி "ஓம்" என்றான். அதே பதில்தான் மேடம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

திரும்பும் வழியில் அவன் எனக்குத் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தான். "வெளி ஆள் எண்டா நான் வாய் திறந்திருக்க மாட்டன். நீங்கள் பக்கத்தில இருந்ததாலதான் மச்சான்" என்றான். நான் முகம் கொடுக்காமல் குடித்தேன். தங்கச்சி காதில் இதைப் போடாமல் இருப்பதே அவனுக்கு நான் செய்யும் பெரிய உபகாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. தங்கச்சியும் அவனும் அதை என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

"என்ன போட்டிருக்காங்கண்ணே? சீக்கிரம் சொல்லுங்கலா."

அவனுடைய கூட்டாளி ஒருத்தன் ஏற்கெனவே மனு எழுதிக் கொடுத்திருக்கிறான். அது எனக்குத் தெரியாது. மனைவியும் மகளும் இறந்ததாக மனுவில் எழுதியவர், நேர்காணலில் கல்யாணமே ஆகவில்லை என்கிறார், ஆகவே இவர் சொல்லும் எதையும் நம்ப முடியவில்லை, அட்டை கொடுக்க முடியாது என்று இருந்தது.

எனக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் திமிர் போகவில்லை. "உன் புருஷனுக்கு மொதல்லயே பொண்டாட்டி புள்ள இருந்துருக்கு, தெரியுமா? நான்தான் இல்லைன்னு சொல்லி உன் மானத்தக் காப்பாத்துனேன்" என்று கத்தினேன்.

அவள் அசையவில்லை. "தாலி கட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாருண்ணே. ரெண்டாந்தாரம்னு நீங்க குதிப்பீங்கன்னு நான்தான் யாருகிட்டயும் சொல்லவேணாம்னேன்."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அவையள் ரெண்டு பேரும் இருந்ததே இல்லையெண்டா சொன்னீங்கள்?" என்று மட்டும் கேட்டான்.

நான் பொய் சொன்னேன், அவர் சொல்லவில்லை என்று என் கைப்படவே எழுதி மேல்முறையீடு அனுப்பினேன். பதில் வருவதற்குள் பீடோங் பக்கம் சாலைத் தடுப்பில் அவனைப் பிடித்துவிட்டார்கள். செம்பனை வெட்டப் போட்ட பூட்ஸோடு டிப்போவுக்குக் கொண்டுபோனார்களாம்.

அடுத்த வாரம் தங்கச்சி பதில் கடிதத்தோடு வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"படிங்க. ஒரு வார்த்தை விடாம."

படித்தேன். மொழிபெயர்த்தவர் மனுதாரரின் நெருங்கிய உறவினர். அவரைக் காப்பாற்றவே இப்போது பேச்சை மாற்றுகிறார் என்று கருதுகிறோம். முடிவில் மாற்றமில்லை.

"நெருங்கிய உறவினர்னா யாரு?"

"நான்தாம்மா."

கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். "அப்படி யாரும் எங்களுக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு, டிப்போவுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.