ஜனவரியில் வந்த மே மாதம்

போன வெள்ளிக்கிழமை எங்கள் லாரி போன வேகத்தில் திரும்பி வந்தது. ஒரு தேயிலை மூட்டைகூட இறங்கவில்லை.

"குடோன்ல சிரிக்கறாங்க சார்," என்றார் டிரைவர். "மே மாசத் தேயிலை இப்பவே வந்திருச்சுங்களான்னு கேக்கறாங்க!"

வெளியே ஜனவரி உறைபனி. மூட்டைகளோடு கம்ப்யூட்டர் அடித்து அனுப்பிய சீட்டில் மே மாதம்!

வாராவாரம் படிக்கும் உங்களுக்குத் தெரியும் — குன்னூர் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரி ஒன்றில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள். எஸ்டேட் லயத்து வீடுகள் முழுக்க அப்பா என்னை 'கம்ப்யூட்டர் டாக்டர்' என்று சொல்லி வைத்திருக்கிறார். அந்த டாக்டரின் பேஷன்ட்டுக்குத்தான் சில வாரங்களாகத் தேதி நிற்கவில்லை. காலையில் சரிசெய்தால் மதியம் ஏப்ரல். ஒருநாள் அடுத்த வருஷத்துக்கே போய்விட்டது!

மேனேஜர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா பழையபடி கையிலயே எழுதிக்கலாம்பா. அப்புறம் உனக்கு இங்க என்ன வேலைன்னு நீயே சொல்லு."

கம்ப்யூட்டர் கடிகாரத்துக்கென்று உள்ளே சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு பேட்டரி உண்டு. ஊட்டிக்கு ஓடி வாங்கி வந்து மாற்றினேன். சனிக்கிழமை காலை ஜம்மென்று ஜனவரி. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால்... மே!

கோவை மெக்கானிக்குக்கு போன் போட்டேன். "மதர்போர்டு போச்சு தம்பி." தேயிலை விலை கிடக்கிற கிடையில் மதர்போர்டுக்கு எங்கே போவது?

ஆனால் ஒன்று இடித்தது. மணி, நிமிஷம் எல்லாம் சரியாக இருக்கிறது. தேதி மட்டும்தான் தாவுகிறது. அதுவும் எப்போதும் முன்னால்! கெட்டுப்போன கடிகாரம் இவ்வளவு ஒழுங்காகக் கெடுமா?

தேதியைத் திருத்திவிட்டு, பீரோ ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். ஹெட்கிளார்க் வேலுச்சாமி அண்ணன் வந்தார். திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தின் மேல் டொக்... டொக். காலண்டர் திறந்தது. மே மாதத்துக்குப் போய் ஒரு தேதியை அமுக்கினார். என்ன கிழமை என்று பார்த்தார். பிறகு, பவ்யமாக — ஓகே!

"அண்ணா! என்னங்கண்ணா பண்றீங்க?"

"புள்ள கல்யாணம் தம்பி. ஜோசியர் சொன்ன நாளு என்ன கெழமைன்னு பாத்தனுங்க."

"பாத்துட்டு கேன்சல் அமுக்கலாமல்லங்கண்ணா? ஓகே அமுக்கினா தேதியே மாறிருமுங்க!"

அண்ணன் முகம் சுருங்கிவிட்டது. "கல்யாணத் தேதி பாக்கறப்ப கேன்சல்னு அமுக்குவாங்களா? நல்லாக் கேட்டீங்க போங்க! செவுத்துல ஒரு காலண்டர் இருந்தா நான் எதுக்குங்க இதுகிட்ட வர்றேன்?"

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். வெறும் ஆணி. வருஷா வருஷம் மளிகைக் கடை, ஜவுளிக் கடை, உரக் கடை என்று போட்டி போட்டுக் காலண்டர் கொடுப்பார்கள். தேயிலை விலை விழுந்த இந்த வருஷம் ஒருவரும் கொடுக்கவில்லை. ஆக, ஆபீஸே என் கம்ப்யூட்டரில்தான் நாள் பார்த்திருக்கிறது. விசாரித்தேன். ஏப்ரல் — டிரைவர் ஊர் மாரியம்மன் தேர். அடுத்த வருஷம் — ஸ்டோர் கீப்பரின் ரிட்டயர்மென்ட்!

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போய் ஒரு தினசரி காலண்டர் வாங்கினேன். எங்கள் குடும்பத்தில் காலண்டரைக் காசு கொடுத்து வாங்கிய முதல் ஆளும் நானே.

திங்கட்கிழமை லாரி வெறும் வண்டியாகக் குதித்துக்கொண்டு வந்தது. அத்தனை மூட்டையும் இறங்கியாயிற்று!

"எதுப்பா மாத்தினே, மதர்போர்டா?" என்றார் மேனேஜர்.

"காலண்டர் சார்."

விஷயத்தைச் சொன்னதும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சரி, சம்பளப் பட்டியலையும் இனி கம்ப்யூட்டர்லயே போட்டுருப்பா."

வேலுச்சாமி அண்ணன் மட்டும் புதுக் காலண்டர் மாட்டிய ஆணிக்குக் கீழே நின்று, கத்தையை மே வரை புரட்டிப் பார்த்தார். பிறகு, யாரும் கேட்காமலே, சுவரிடம் மரியாதையாகச் சொன்னார் — "ஓகே!"