திரையில் வாசித்த சித்தப்பா

தொலைக்காட்சிக்காகக் கர்நாடகக் கச்சேரிகளைப் படம்பிடிப்பதிலேயே என் ஆயுசில் பாதி கழிந்தது. என்னோடு வேலை செய்தவர்களைக் கேட்டால் என்மேல் ஒரே ஒரு குறைதான் சொல்வார்கள். இசையை முதலில் தனியாகப் பதிந்துகொள்ளலாம், வித்துவான் வாசிப்பதைப் பிறகு படமெடுத்து ஒட்டிக்கொள்ளலாம் என்பார்கள். வேலையும் சுலபம்தான். நான் முடியவே முடியாது என்று நிற்பேன். பிடிவாதக்காரி என்று பெயர் வந்தது. வந்தால் வந்துவிட்டுப் போகிறது. வாசிப்பவர் ஒரு பக்கம், ஓசை ஒரு பக்கம் என்று போனால் எனக்கு இன்றைக்கும் பொறுக்காது. ஜப்பான்காரன் காலத்தில் பிடித்த வியாதி அது.

அப்போது நாங்கள் புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சித்தப்பா, அதாவது அம்மாவின் தங்கை கணவர், பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர். ஆனால் மாரியம்மன் கோயிலில் பூசையென்றால் நாகஸ்வரம் அவருடையது. அவருக்குச் சுருதிப்பெட்டி போடுவது சின்னப் பெண்ணான என் உத்தியோகம். தோடியை எடுத்துவிட்டால் சாப்பாடு வந்தாலும் நிறுத்தமாட்டார். மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாகிவிட்ட நாள் வேறு, நிறுத்தித்தான் என்ன ஆகப்போகிறது.

ஒரு நாள் ஜப்பான்காரர்கள் கேமராவோடு வந்து, கோயில் வாசலில் சித்தப்பாவை வாசிக்கச் சொல்லிப் படமெடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் சுருதி போட்டேன். தோட்டமே கூடி வேடிக்கை பார்த்தது. கொஞ்ச நாளில் அதே ஜப்பான்காரர்கள் லாரியோடு வந்து சயாம் காட்டில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு ஆள் பிடித்தார்கள். சித்தப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சயாமிலிருந்து தப்பி வந்த பக்கத்து ஊர்க் குருண்காரர் ஒருவர், பேதியில் செத்தவர்களில் அவரும் உண்டு என்று சொல்லிவிட்டார். சித்தி நம்பவில்லை. மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன், ஊர் வாய்க்குப் பயந்து கருமாதிக்கு நாள் குறித்தார். துணியே கிடைக்காத காலத்தில் எங்கிருந்தோ ஒரு வெள்ளைச் சேலையும் வாங்கி வந்தார். பிறந்த வீட்டுக் கோடி. புதன்கிழமை வந்தால் சித்தியின் தாலியைக் கழற்றிவிடுவார்கள். அந்தச் சேலை இருந்த மூலைப் பக்கமே அவள் திரும்பமாட்டாள்.

அதற்கு முந்தின நாள், ஜப்பான்காரர்களின் படம் காட்டுகிற வண்டி வந்தது. பொழுது சாய்ந்ததும் இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டினார்கள். கொடி வந்தது, கப்பல் வந்தது, சிப்பாய்கள் வந்தார்கள். பிறகு சித்தப்பா வந்தார்.

அவர் கன்னம் உப்புகிறது, விரல்கள் தோடியைத் தடவுகின்றன. காதில் விழுவதோ பட்டாளத்து பேண்டு. செத்தவரின் வாயில் வேறு யாரோ புகுந்து ஊதுகிற மாதிரி இருந்தது. காற்றில் துணி அசைந்தபோது அவர் முகம் நீண்டது, ஒடுங்கியது, மறுபடி நேரானது. சயாமுக்குப் போனவர்கள் இப்படித்தான் ஆட்டமும் பாட்டுமாகச் சௌக்கியமாக இருக்கிறார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் அறிவித்தார்.

அப்புறம்தான் பார்த்தேன். சித்தப்பா பக்கத்தில் நான். சுருதிப்பெட்டியை அமுக்கிக்கொண்டு, நேராக என்னையே பார்த்துக்கொண்டு. அது சயாம் என்றால், அங்கே உட்கார்ந்திருப்பவள் யார்? அவள்தான் நான் என்றால், இங்கே இருப்பது யார்?

அம்மாவின் சேலையை இழுத்தேன். "அம்மா, அது நானு. நம்ம கோயிலு."

அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். "வாய மூடு. அது சயாமு."

சித்தி எழுந்து துணிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவர் வெளிச்சம் அவள்மேலும் விழுந்தது. "எல்லாரும் பாத்துக்குங்க. எம் புருசன் உசுரோட இருக்காரு."

பேண்டு மட்டும் ஊதிக்கொண்டிருந்தது. முதலில் வாய் திறந்தவர் மாமாதான். "ஆமாலா, பாத்தாச்சு. இளைக்கக்கூட இல்ல."

கங்காணி ஆமாம் என்றார். பக்கத்து வீட்டு அக்கா ஆமாம் என்றாள். பூசாரி, தான் தினமும் விளக்கேற்றுகிற வாசலைத் திரையில் பார்த்து, சயாமிலும் நம் மாரியம்மனுக்குக் கோயில் கட்டியிருக்கிறார்களே என்று கும்பிட்டார்.

கருமாதி நின்றது. வெள்ளைச் சேலையை மஞ்சளில் முக்கி எனக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தார்கள். சித்தி பூவும் பொட்டுமாகத்தான் இருந்தாள், யுத்தம் முடிந்து, திரும்புகிறவர்களெல்லாம் திரும்பி முடித்த பிறகும்.

நான் அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும் லயத்து வீடுகளில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். படமெடுத்த அன்று இவர்கள் எல்லாரும் அங்கேதானே நின்றார்கள்? கேமராவுக்கு மறைக்காதே என்று கூட்டத்தை விலக்கிவிட்டது மாமாதானே? கிழிந்த சட்டை தெரியாமல் என் மேல்துண்டை இழுத்துச் செருகி, போய் உட்காரு என்று அனுப்பியது சித்திதானே? ஒரு தோட்டத்து ஜனம் மொத்தமும் ஒரே நாளில் எப்படி மறந்துபோகும் என்று எனக்கு விளங்கவே இல்லை.