ஓங்கி அடிக்காதவர்

பிளாக்டவுன் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களோடு கரப்பந்து விளையாடிய அவர் புகலிடம் கேட்டுப் படகில் வந்தவர். இன்னும் தற்காலிக விசாவில்தான் இருந்தார். முழங்கைகளில் எப்போதும் சிராய்ப்பு இருக்கும். எந்தப் பந்தையும் விழுந்து எடுப்பார். ஆனால் ஓங்கி மட்டும் அடிக்கமாட்டார். இடைவேளையில் போனில் ஜப்பானியக் கார்ட்டூன் ஒன்று பார்ப்பார். அதில் வரும் பள்ளிக்கூட அணியும் பந்தை நிலத்தில் விழவிடாமல் எடுத்தெடுத்தே வெல்லும். "இவங்கள்தான் என்ர ரீம்" என்பார்.

ஒருநாள் கடைசிப் புள்ளிக்கு வலையோரம் அவருக்கு வாகாகத் தூக்கிக் கொடுத்தேன். மெல்லத் தட்டிவிட்டார். தோற்றோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் அண்ணை அடிக்கேல்லை?"

"பந்து ஆருக்கும் முகத்தில பட்டால்? ஒரு பிரச்சினைக்கும் போகமாட்டன் எண்டு விசாவுக்குக் கையெழுத்து வைச்சனான்."

"விளையாட்டில பட்டதுக்கு ஆர் பொலிசுக்குப் போறது?"

"நீர் இந்த நாட்டுச் சிற்றிசன், தம்பி" என்றார், முழங்கை மண்ணைத் தட்டியபடி.

இப்போது அவர் வருவதில்லை. எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. வலையில் கை ஓங்கும்போதெல்லாம், எதிரில் நிற்பவரின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.