பூனை உடைத்த தொட்டிகள்

மண் தொட்டியை இடது உள்ளங்கையில் கவிழ்த்து வைத்து, வலது கை விரல் முட்டியால் இரண்டு தட்டு. ‘ணங்’ என்று வந்தால் நன்றாக வெந்த தொட்டி. ‘டப்’ என்று அடங்கினால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. என் சித்தி முப்பது தொட்டிகளைத் தட்டி இரண்டை எடுப்பார். மயிலாப்பூர் மாட வீதி முனையில் தொட்டி விற்ற அம்மாவுக்குப் பொறுமை போய்விடும். “இன்னாம்மா, பொண்ணு பாக்கவா வந்துக்கீற? எல்லாம் ஒரே சூளைல வெந்ததுதான்” என்பார். சித்தி சிரித்துக்கொண்டே அடுத்ததைத் தட்டுவார்.

அந்தச் சிரிப்பைச் சித்தியின் அடையாற்று வீட்டில் நான் பார்த்ததில்லை. சித்தப்பா கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கலே. குரலை உயர்த்த மாட்டார். காய்கறி, மீன், சித்தியின் புடவை, செருப்பு வரை அவரே வாங்கி வந்துவிடுவார். “வெயில்ல உனக்கு எதுக்கும்மா கஷ்டம்?” என்பார். ஞாயிறு பூசைக்குக் கூடவே கூட்டிப் போய்க் கூடவே கூட்டி வருவார். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் சித்தியைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். கல்யாணத்தோடு டீச்சர் வேலையை விட்டதும் அந்தக் கொடுப்பினையில் சேர்த்திதான். ஆனால் தொட்டி மட்டும் சித்தப்பாவால் வாங்க முடியாது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். ணங்குக்கும் டப்புக்கும் வித்தியாசம் பிடிபடாது. ஒருமுறை அவர் வாங்கி வந்த நாலும் முதல் மழைக்கே பிளந்துவிட்டன. அதனால் தொட்டி வாங்க மட்டும் சித்தி தனியாகப் பஸ் ஏறலாம். முழு ஆண்டு விடுமுறைக்கு நான் அங்கே போயிருந்தால் என்னையும் கூட்டிப்போவார். வாங்கியதும் நேரே வீடு திரும்ப மாட்டோம். தொட்டிகளை அந்த அம்மாவிடமே விட்டுவிட்டுக் குளத்தைச் சுற்றி நடப்போம், ரோஸ்மில்க் குடிப்போம், கடை கடையாக ஏறி ஒன்றும் வாங்காமல் இறங்குவோம்.

தொட்டிகளைச் சித்தி பார்த்துக்கொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். புதுசை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் அமிழ்த்தி வைப்பார். குமிழி விடுவது நின்றால்தான் வெளியே எடுப்பார். அடி ஓட்டையின் மேல் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து, மணல் போட்டு, பிறகு செம்மண்ணும் எருவும். வெறும் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைப்பார். வெளியே உப்புப் பூத்தால் தேங்காய் நாரால் தேய்ப்பார். இவ்வளவு பார்த்தும் மாதத்துக்கு ஒன்றாவது உடைந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை தள்ளிவிடுகிறது என்றார் சித்தி.

எனக்கு அப்போது பத்து வயது. ஒரு நாள் காலை, சித்தப்பா ஆபீஸ் போனபின் பின்பக்கம் போனேன். சித்தி ரோஜாச் செடியை வேர்மண்ணோடு அலுங்காமல் எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி ஓரமாக வைத்தார். காலித் தொட்டியை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு அம்மிக் குழவியால் ஒரே போடு. நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். “நாளைக்கு மயிலாப்பூர் போலாம் பாப்பா” என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் மாலையில் சித்தப்பா ஒரு சாக்கோடு வந்தார். பூனையைப் பிடித்துக் கட்டி, திருவான்மியூர் தாண்டிக் கொண்டுபோய் விட ஆள் சொல்லியிருந்தார். அது குட்டி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “பூனை உடைக்கல சித்தப்பா, சித்திதான் உடைச்சாங்க” என்று கத்திவிட்டேன். சித்தப்பா சாக்கை மடித்து வைத்தார். மறுநாள் ஆட்டோவில் பன்னிரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் வந்து இறங்கின. “இது உடையவே உடையாதும்மா. இனிமே உனக்கு அலைச்சல் இல்ல” என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

சித்தப்பா போன வருடம் தவறிவிட்டார். சென்ற மாதம் சித்தியைப் பார்க்கப் போயிருந்தேன். பிளாஸ்டிக் தொட்டிகள் வெளுத்துப் போய்ப் பின்பக்கத்தில் வரிசையாக நின்றன. விளிம்பு தெறித்தவற்றைச் சித்தி கம்பி சுற்றிக் கட்டியிருந்தார். “மயிலாப்பூர் போலாமா சித்தி? நல்ல மண் தொட்டியா பாத்து வாங்கலாம்” என்றேன். “இதுங்களே போதும்டி” என்றார். இத்தனை வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை அன்றைக்குச் சொல்லிவிட்டேன், காட்டிக்கொடுத்தது நான்தான் என்று. சித்தி தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

“தெரியும். நான் அடுப்படியிலதானே நின்னுட்டிருந்தேன். உனக்கு மனசு பொறுக்கல, சொல்லிட்ட. நான் சொல்லியிருக்க மாட்டேன்டி. பூனை போனா போகட்டும்னுதான் நின்னேன்.”

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். சித்தி வாசல் வரை வந்து பூட்டையும் சாவியையும் என் கையில் கொடுத்தார். “வெளிய பூட்டி, சாவிய எதிர்வீட்ல குடுத்துட்டுப் போ. சாயங்காலம் அவங்க வந்து திறப்பாங்க. உள்ள தாழ்ப்பாள் போட்டுப் படுத்தா எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. அவரு இருந்தவரைக்கும் வெளியதானே பூட்டிட்டுப் போவாரு” என்றார். வேண்டாம் சித்தி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவைச் சாத்திப் பூட்டினேன். “நல்லா விழுந்துச்சா, இழுத்துப் பாரு” என்று உள்ளேயிருந்து சித்தியின் குரல் வந்தது. இழுத்துப் பார்த்தேன்.